கொட்டாவி திருத்திய புத்தகம்

உலகத்தில் கொட்டாவியை மதித்த ஒரே மனிதர் எங்கள் சாம்பிள் சார்தான். நாம் பேசும்போது எதிராளி கொட்டாவி விட்டால் நமக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அவருக்குக் கோபம் வராது, சிவப்புப் பென்சிலை எடுப்பார். மூன்று பேர் விட்ட கொட்டாவியை நம்பி, ஒரு மனிதர் தன் வாழ்நாள் உழைப்பில் பாதியைக் கிழித்துத் தூக்கிக் கொடுத்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அந்த மூன்று வாய்களில் ஒன்று என்னுடையது.

எழுபதுகளின் நடுவில் தர்மபுரியில் எனக்கு முதல் உத்தியோகம். ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். மாவட்டம் பிரிந்து பத்து வருஷம் ஆகியும், எந்த ஆபீஸ் எந்தத் தெருவில் எந்த வாடகைக் கட்டடத்தில் இருக்கிறது என்று ஆபீஸர்களே வழி கேட்டுக்கொண்டு அலைந்த காலம். நான் தங்கியது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பெட்டி பாய் வீட்டு மாடியில். கீழே பாயின் பட்டறை. தகரத்தை வெட்டி, மடக்கி, தட்டி டிரங்குப் பெட்டி செய்வார்கள். காலையில் ஆரம்பிக்கும் டமடம, சாயங்காலம் பாங்கு சொல்லும்போதுதான் ஓயும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து மாடியில் யாரும் நிலைத்ததில்லை. நான் நிலைத்தேன், எனக்குத் தூக்கமெல்லாம் ஆபீஸில்தான். பக்கத்து அறையில் பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் நிலைத்திருந்தார். அவருக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

போன முதல் வாரமே கேட்டேன், "இந்த இடியில எப்படி சார் படிக்கறீங்க?"

"பாய் இப்படி அடிக்கறாரே, அதுக்குள்ள தெருவுல ஐஸ்காரன் மணி கேக்குதா, இல்லியா?"

"கேக்குதுங்க."

"அவ்வளவு சத்தத்துலயும் உங்க காது அந்த மணியை மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்குது பாருங்க. அதை மிஷினை வெச்சு, கணக்குப் போட்டுப் பிரிக்கறதுதான் தம்பி என் சப்ஜெக்ட்டு."

சப்ஜெக்ட்டின் பெயர் டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங். அந்தப் பெயரை அன்றைய தர்மபுரியில் அவரைத் தவிர வேறு யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள். பாட்டோ, பேச்சோ, இதயத் துடிப்போ, எதுவாக இருந்தாலும் அதை இடைவெளி விட்டு இடைவெளி விட்டு அளப்பது. அந்த அளவுகளையெல்லாம் எண்களாக்குவது. எண்களை அலசி, அழுக்கை எடுத்துவிட்டு, மறுபடி பாட்டாகவோ பேச்சாகவோ ஆக்குவது. இடைவெளி விட்டு அளப்பதற்குத்தான் சாம்பிள் எடுப்பது என்று பெயர். மனிதர் அதைப் பாலிடெக்னிக்கோடு நிறுத்தியிருந்தால் அவருக்குச் சாம்பிள் சார் என்ற பெயர் வந்திருக்காது.

நாங்கள் சாப்பிட்டது ஆரோக்கியம் அக்கா மெஸ்ஸில். அக்கா கோவிலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கழுத்தில் ஜெபமாலை, கையில் கரண்டி, இரண்டும் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். சாம்பிள் சார் சாம்பார் வாளியில் மேலே ஒரு கரண்டி, நடுவில் ஒரு கரண்டி, அடியில் ஒரு கரண்டி கேட்டு வாங்கி ருசி பார்ப்பார். பிறகு காற்றிலேயே விரலால் ஒரு கோடு போட்டு, "உப்பு இங்க ஏறுது, இங்க எறங்குது, முழு வாளியும் எனக்குத் தெரிஞ்சு போச்சுக்கா" என்பார்.

"சார், சாப்புடறதுன்னா சாப்புடுங்க. என் சாம்பாருக்குப் பரிச்ச வெக்காதீங்க" என்பாள் அக்கா.

ஒருமுறை அவரோடு டெண்டுக் கொட்டகைக்குப் போய் நான் பட்ட அவமானம் இருக்கிறதே! படத்தை முழுதாகப் பார்ப்பது வீண், விட்டு விட்டுப் பார்த்தாலே கதை புரிந்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கண்ணை மூடி மனசுக்குள் எண்ணுவார், திறப்பார், மறுபடி மூடுவார். அவர் கண்ணைத் திறந்தபோதெல்லாம் திரையில் கதாநாயகன் பாடிக்கொண்டிருந்தான். இடைவேளையில் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "வேலைவெட்டி இல்லாத பையன் போலிருக்கே தம்பி" என்றார். அவன் அந்தப் படத்தில் கலெக்டர்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு ரேக்ளா பந்தயம் வந்தது. மாடுகள் முன்னால் பாய, வண்டிச் சக்கரம் மட்டும் பின்பக்கமாகச் சுற்றியது. எல்லாப் படத்திலும் அப்படித்தான் சுற்றும், யாரும் கண்டுகொள்வதில்லை. சாம்பிள் சார் எழுந்து நின்றுவிட்டார். "பாருங்க, பாருங்க! பின்னால சுத்துது பாருங்க! ஏன்னு யாராச்சும் கேளுங்களேன்யா!" பின்வரிசைக்காரன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "யோவ், மாடு ஜெயிக்குதா தோக்குதான்னே தெரியல, இவுருக்குச் சக்கரம் வேணுமாம். உக்காருய்யா!"

உட்கார்ந்தார். ஆனால் வழியெல்லாம் முகம் வாடியே வந்தது. "அத்தினி பேர் இருந்தாங்க தம்பி. ஒருத்தருக்குக்கூட ஏன்னு தோணலியே" என்றார்.

அவர் அறையில் துணிமணிகளைவிடப் புத்தகங்கள் அதிகம். பெங்களூருக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வருவார். எல்லாமே அந்தச் சப்ஜெக்ட்டின் அறிமுகப் புத்தகங்கள். அடுத்த படிக்கான புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. அத்தனை அறிமுகப் புத்தகங்கள் மேலும் அவருக்குத் தீராத கோபம்.

"அட்டையில அறிமுகம்னு போடறான். முத வரியிலயே 'உங்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும்னு வெச்சுக்குவோம்'ங்கறான். தெரிஞ்சா நான் எதுக்குடா உன் புஸ்தகத்தை வாங்கறேன்? பொண்ணு பாக்க வந்தவனைப் பாத்து, குழந்தைக்கு என்னா பேர் வெச்சீங்கன்னு கேக்கற மாதிரி இருக்குது."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, தமிழில் படித்துவிட்டு இன்ஜினியரிங் காலேஜுக்குப் போனவர் அவர். முதல் நாள், முதல் புத்தகம், முதல் பக்கம், ஒரு வரி புரியவில்லை. மூடி வைத்துவிட்டார். "ஒரு வருஷம் முழுக்க நான் மடையன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. வூட்டுக்கு வந்தா ஆத்தா மூஞ்சியைப் பாக்க முடியாது. அப்புறந்தான் தெரிஞ்சுது, மடையன் நானில்ல, அந்த முத வரிதான்."

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு பாடநூல் குழு, பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தமிழில் தொழில்நுட்ப அறிமுகப் புத்தகங்கள் வேண்டும் என்று அறிவித்தது. ஆசிரியர் துணையில்லாமல் மாணவன் தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. ஜூன் மாதக் கடைசி நாளுக்குள் கையெழுத்துப் பிரதி போய்ச் சேர வேண்டும்.

சாம்பிள் சாருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிற ஓர் அறிமுகப் புத்தகம். பாலிடெக்னிக் பிரின்ஸிபால் சிரித்தாராம். "நம்ம ஜில்லாவுல கம்ப்யூட்டரே இல்லீங்களே, இதை எந்த மிஷின்ல போட்டுப் பாப்பாங்க?"

"மிஷின் வர்றதுக்குள்ள புஸ்தகம் வந்துடணுங்க. இல்லாட்டி அது வந்து நிக்கற அன்னிக்கு நம்ம பசங்க நானு நின்ன மாதிரி நிப்பாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அசுர வேகத்தில் எழுதினார். தடித்த வெள்ளைத் தாளில், ஒரு பக்கம் மட்டும், முத்து முத்தான கையெழுத்து. ஆனால் புத்தகம் புரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாணவனைக் கேட்டால் பயத்தில் புரிகிறது என்பான். சக வாத்தியாரைக் கேட்டால் பொறாமையில் புரியவில்லை என்பார். யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்ததுதான் கொட்டாவி.

"வாய் பொய் சொல்லும் தம்பி. கொட்டாவி சொல்லாது" என்றார். கேட்க மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். பாய், ஆரோக்கியம் அக்கா, நான். "ஏன் சார் நாங்க?" என்று கேட்டேன். "உங்க மூணு பேருக்கும் இதுல துளிகூட ஆர்வம் கெடையாது. இதைவிட நல்ல ஆள் எனக்கு எங்க கெடைக்கும்?" என்றார். இப்படி ஒரு பாராட்டை நான் அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் வாசிப்பு. அன்றைக்குத்தான் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார முடியும். சாப்பாடு முடிந்ததும் அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். பாய் வெற்றிலையை மடித்துக்கொள்வார். சார் முதல் பக்கத்தை எடுத்து, நின்றுகொண்டு, நல்ல குரலில் படிப்பார். படித்துக்கொண்டே எங்கள் வாய்களைக் கண்காணிப்பார்.

கொட்டாவிக்குத் தரம் உண்டு. வாயை முழுதாகத் திறந்து விட்டால் அந்தப் பக்கமே போச்சு. பாதியில் அடக்கினால் ஒரு பத்தி போகும். வாயை மூடிக்கொண்டு கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தால் ஒரு வாக்கியம். பாய் கைக்குட்டையால் மூடிக்கொண்டு விடுவார். மரியாதைக்காரர், கைக்குட்டைக்குப் பின்னால் முழுசா பாதியா என்று சாருக்குச் சந்தேகம் வந்துவிடும். "பாய், கொஞ்சம் கையை எடுத்துட்டு வுடுங்க" என்பார். அக்கா விஷயத்தில் அந்தக் குழப்பமே கிடையாது. கொட்டாவி வந்தால் வாய்க்கு நேரே சிலுவை போடுவாள், வாசல் வரைக்கும் தெரியும்.

நாங்கள் மூவரும் மனசாட்சியோடு கொட்டாவி விட்டோம். முதல் ஞாயிறே முதல் அத்தியாயத்தில் பாதி போயிற்று. ரேக்ளா வண்டிச் சக்கரம் ஏன் பின்னால் சுற்றுகிறது என்று ஒரு பகுதி எழுதியிருந்தார். அதற்கு அக்கா சிலுவை போட்டாள், அதைப் பார்த்துப் பாய் விட்டார், பாயைப் பார்த்து நான் விட்டேன். சார் சிவப்புக் கோடு போட்ட கையோடு பக்கங்களைச் சுருட்டிப் பாயிடம் கொடுத்துவிட்டார்.

பாய்க்குப் பரம சந்தோஷம். டிரங்குப் பெட்டிக்கு உட்புறம் காகிதம் ஒட்டுவது வழக்கம். துரு துணியில் படாது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டினால் பூச்சியும் வராது. பழைய செய்தித்தாள் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது தடித்த வெள்ளைத் தாள். எழுத்து வெளியே தெரியும்படிதான் ஒட்டுவார். "அழகான எழுத்து சார். மூடியைத் தொறந்தா ஒரு கௌரவமா இருக்குது" என்பார்.

கல்யாண சீசன். பெட்டிகள் பறந்தன. ஞாயிறுக்கு ஞாயிறு புத்தகம் இளைத்தது, பெட்டிகள் கௌரவம் அடைந்தன. ஒருவர் மனம் தளராமல் தன் புத்தகத்தை இப்படிக் கசாப்புப் போட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வைகாசி நடுவில் ஒரு ஞாயிறு. நல்ல கருவாட்டுக் குழம்பு. சார் எழுந்து நின்று, மிச்சமிருந்த பக்கங்களில் முதல் பக்கத்தை எடுத்தார். இரண்டு வரி படித்தார். மூன்றாவது வரியில் அவரே கொட்டாவி விட்டார்.

நாங்கள் திகைத்துப்போனோம். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பென்சில் கையிலேயே இருந்தது. "எழுதினவனுக்கே வந்துடுச்சுங்க. நானும் அந்த முத வரிக்காரனுங்க மாதிரிதான் எழுதியிருக்கேன். எனக்கு இது வேண்டாங்க" என்றார். அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பேச்சை மாற்றலாம் என்று, அக்கா கல்லாவில் கிடந்த வாரப்பத்திரிகையை எடுத்தேன். அதில் வந்துகொண்டிருந்த கொலைத் தொடர்கதை ஊரையே ஆட்டிக்கொண்டிருந்தது. பாயும் அக்காவும் அதற்காகச் சண்டை போட்டுப் படிப்பார்கள். அதை உரக்கப் படித்தேன். பீரோவைத் திறக்கிறாள். பிணம் அவள் மேலேயே சரிகிறது. பிணம் கண் திறக்கிறது!

அக்கா வாய்க்கு நேரே சிலுவை போட்டாள். பாய் கைக்குட்டையை எடுத்தார்.

சாம்பிள் சார் துள்ளி எழுந்தார். "நிறுத்துங்க! கொலைக்கா கொட்டாவி வுட்டீங்க?"

"என்னமோ வருதுங்க சார்" என்றார் பாய் வெட்கத்தோடு.

"பொணம் கண்ணைத் தொறக்குதுங்க! அதுக்கே கொட்டாவியா?" அவர் பார்வை எங்கள் முகங்களை விட்டு இலைகளுக்குப் போனது. இலைகளில் களியின் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மெஸ்ஸில் எப்போதும் ராகிக் களிதான். ஆளுக்கு இரண்டு உருண்டை, மூன்று உருண்டை. அதைத் தின்றுவிட்டு உட்கார்ந்தால் தேவலோகத்து நாட்டியம் ஆடினாலும் கண் சொருகும். கொட்டாவி புத்தகத்துக்கு வரவில்லை, களிக்கு வந்தது.

மறுநாள் காலை, இட்லிக்கு முன்னால், வெறும் வயிற்றோடு எங்களை உட்கார வைத்து, உள்ளதிலேயே கொடுமையான பகுதியைப் படித்தார். முழுக்கச் சூத்திரம். ஒரு கொட்டாவி வரவில்லை. எனக்குப் பசியில் வயிறுதான் கத்தியது.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணை அளக்கும்போது அதோட வேற என்னா கலந்திருக்குதுன்னு பாக்காம அளவை நம்பாதேன்னு நானே முத அத்தியாயத்துல எழுதியிருக்கேனே!"

"அந்தப் பக்கம் எங்க சார்?"

"நீங்கதான் வாயைப் பொளந்தீங்க. பாய் ஒட்டிட்டார்."

ஜூன் பிறந்திருந்தது. போன பக்கங்களைத் திரும்ப எழுத உட்கார்ந்தார். வரவில்லை. எழுதுவார், கசக்குவார். "அன்னிக்கு வந்த பேச்சு இன்னிக்கு வரமாட்டேங்குது" என்று புலம்பினார். நகல் எடுத்து வைக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒரே வழிதான் இருந்தது, பெட்டிகளைத் தேடிப் போவது.

விற்காமல் பட்டறையில் இருந்த பெட்டிகளில் பாதிப் பக்கங்கள் கிடைத்தன. சார் தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு படித்துச் சொல்ல, நான் வெளியே உட்கார்ந்து எழுதுவேன். தெருவில் போகிறவர்கள், பெட்டிக்குள்ளிருந்து பாடம் நடத்தும் வாத்தியாரை நின்று வேடிக்கை பார்த்தார்கள். விற்ற பெட்டிகள் யாரிடம் போயின என்பது பாய்க்கு நினைவிருந்தது. என் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரியாமல் நான் விற்பதில்லை என்பார்.

ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டிக்காரர். டிராக்டர்களுக்கு நடுவே புகுந்து போய், சார் எடுத்த எடுப்பிலேயே, "உங்க தகரப்பெட்டியைக் கொஞ்சம் தொறங்க, உள்ள பாக்கணும்" என்றார். வெள்ளைச் சட்டை, கையில் பை, பக்கத்தில் பேனாவும் பேப்பருமாக நான். மண்டிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. உட்காரச் சொன்னார், சோடா வந்தது. "எந்த ஆபீஸுங்க?" என்று என் காதருகில் கேட்டார். நானும் சத்தியமாக என் ஆபீஸ் பெயரைச் சொன்னேன். ஒரு கூடைத் தக்காளி எங்கள் காலடிக்கு வந்தது.

"தக்காளி வேண்டாங்க. மூடியில இருக்கறதைத்தான் எழுதிக்கணும்" என்றார் சார்.

"மூடியில என்னாங்க இருக்குது? நான் ஒண்ணும் ஒளிச்சு வெக்கலீங்களே!" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அழாக்குறையாகத்தான் பெட்டி திறந்தது. பாதிப் பாடத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் பயத்தோடு கேட்டார், "இத்தினி நாளா இது என் பெட்டியில இருந்துச்சுங்களா? இதுக்குக் கேஸு உண்டுங்களா?"

இப்படி ஊர் ஊராக அலைந்து எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒரு பக்கத்தைத் தவிர. சக்கரம் பின்னால் சுற்றும் பகுதியின் முதல் பக்கம். அதன் அடுத்த பக்கம் பாலக்கோட்டில் கிடைத்துவிட்டது. முதல் பக்கம், ஏரியூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போன மாதம்மா என்ற பெண்ணின் சீர்ப்பெட்டியில்.

அங்கே நாங்கள் போனது கடைசி நாளுக்கு முந்தின நாள். மத்தியானமாகிவிட்டது. நாலு மணிக்குத் திரும்பும் பஸ். அதைப் பிடித்தால் தர்மபுரி, அங்கிருந்து சேலம், சேலத்தில் ரயிலேறினால் மறுநாள் சென்னையில் பிரதியைக் கையோடு கொடுத்துவிடலாம். அதை விட்டால் அடுத்த பஸ் மறுநாள் காலைதான். பிரதி முழுவதும் சார் தோளில் தொங்கிய பையில் இருந்தது.

வீட்டு வாசலில் மாதம்மாவின் மாமனார் வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "மருமவளே, உன் பொட்டியில இருக்கற பாடத்துக்கு வாத்தியாரு வந்துட்டாருடி!" என்று குரல் கொடுத்தார்.

மாதம்மா வந்தாள். எட்டாவது வரை படித்தவள் என்று மாமனார் சொன்னார். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, ஒதுங்கி நின்று, சாரை மேலும் கீழும் பார்த்தாள். நான் மடமடவென்று எழுதினேன். கடைசி வரி, 'முன்னால் ஓடுகிற வண்டியின் சக்கரம் பின்னால் சுற்றுவதாக நமக்கு ஏன் தெரிகிறது? அடுத்த பக்கத்தில் பார்ப்போம்.' முடிந்தது. எழுந்தேன். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"இதை எழுதினது நீங்கதானுங்களா?" என்றாள் மாதம்மா.

"ஆமாம்மா."

"அடுத்த பக்கத்துல பாப்போம்னு எழுதிட்டு, கீழ ஒண்ணுமே இல்லீங்களே? கல்யாணம் ஆனதுல இருந்து பொடவை எடுக்கப் பொட்டியைத் தொறக்கும்போதெல்லாம் படிக்கறேன். எதுக்குப் பின்னால சுத்துதுன்னு சொல்லவே இல்லீங்களே?"

சாம்பிள் சார் மெதுவாக, பரீட்சை முடிவைக் கேட்கிற பையனைப் போலக் கேட்டார். "படிக்கறப்போ உனக்குக் கொட்டாவி வந்துச்சாம்மா?"

"இல்லீங்க. கோவந்தான் வந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "சார், பஸ்ஸு! ஓடினா புடிச்சுடலாம். அந்தப் பக்கத்தை அப்புறம் தபால்ல அனுப்பிக்கலாம்!"

"இருங்க தம்பி. படிச்சவங்க கேக்கறாங்க."

"நாளைக்குக் கடைசி நாள் சார்!"

"இவங்களுக்கு ஏற்கெனவே ரொம்ப லேட்டாயிடுச்சு" என்று தோள் பையை இறக்கி வைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. எத்தனை நாள் அலைச்சல், எத்தனை பெட்டி! பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சார் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டு வண்டியின் அச்சுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனாரை அதைச் சுற்றிவிடச் சொன்னார். மற்றவர்கள் கைவிரல்களை விரித்து, முகத்துக்கு நேரே வேகமாக ஆட்டிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காட்சியை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. சாயங்கால வெயிலில் ஒரு வண்டிச் சக்கரம் சும்மா சுற்றுகிறது. ஒரு குடும்பமே அதன் எதிரில் நின்று, முகத்தில் ஈ விரட்டுவதைப் போலக் கையை ஆட்டுகிறது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்காமல் அவர்களும் ஆட்டுகிறார்கள். மாமியார் மட்டும், "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று முணுமுணுத்தவள், "ஆங்! நிக்குது! சக்கரம் நிக்குது!" என்று கூவினாள். அடுத்த நிமிஷம் மாதம்மா கத்தினாள், "அய்யோ, பின்னால போவுதுங்க!"

"போவுதா? நல்லாப் பாரும்மா!" சார் குதித்தார். "விரல் குறுக்க வர்றதால உன் கண்ணு விட்டு விட்டுத்தான் பாக்குது. ஒரு தடவ பாத்து மறு தடவ பாக்கறதுக்குள்ள, ஒரு ஆரக்கால் போயி, அது எடத்துக்கு அடுத்த ஆரக்கால் வருது. சரியா அதே எடத்துக்கு வந்துட்டா, சக்கரம் நிக்கற மாதிரி. கொஞ்சம் பின்தங்கி வந்தா, பின்னால போற மாதிரி. சினிமாப் பொட்டியும் விட்டு விட்டுத்தான் படம் புடிக்குது. சக்கரம் பொய் சொல்லலைம்மா. நாம பாத்த எடைவெளிதான் ஜாஸ்தி."

"அப்போ, இன்னும் சீக்கிரம் சீக்கிரம் பாத்தா முன்னாலதான் போவும்?"

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அதுதான் தம்பி மூணாவது அத்தியாயம்" என்றார்.

பையைத் திறந்து, பாலக்கோட்டில் மீட்ட அந்த அடுத்த பக்கத்தைப் பிரதியிலிருந்து உருவினார். மாமியார் பானையிலிருந்து ஒரு கை மிச்சக் களி வாங்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, பெட்டி மூடியில் முதல் பக்கத்துக்கு நேர் கீழே ஒட்டினார். களி அந்தப் புத்தகத்துக்குச் செய்த ஒரே நன்மை அதுதான்.

பிரதி காலம் கடந்து போய்ச் சேர்ந்தது. கட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தது. அன்றைக்கு ஒருநாள் சார் சாப்பிடவில்லை, பட்டறைச் சத்தத்தையும் ரசிக்கவில்லை. எனக்கும் மனசு ஆறவில்லை. மறுநாள் காலை பிரதியை அக்குளில் வைத்துக்கொண்டு பாலிடெக்னிக்குக் கிளம்பினார். "வகுப்புல படிச்சுக் காட்டறேன். முதல் பீரியடுல. சாப்பாட்டுக்கு முன்னால" என்றார். வருஷா வருஷம் அப்படித்தான் படித்துக் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். புத்தகம் அச்சேறவே இல்லை. சாரும் இப்போது இல்லை.

எனக்கு மாற்றல் வந்தபோது பாய் ஒரு டிரங்குப் பெட்டி செய்து கொடுத்தார். உட்புறம் முழுக்கச் சாம்பிள் சார் தன் கையால் எழுதிய முதல் அத்தியாயம், வரிசை மாறாமல். சக்கரத்தின் முதல் பக்கத்துக்கு நேர் கீழே அடுத்த பக்கம். சாரே பக்கத்தில் நின்று ஒட்ட வைத்தாராம். பஸ் ஏற்றிவிட வந்தவர், "போற ஊருல யாராச்சும் கேட்டா தொறந்து காட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

இந்தக் காலத்தில் இந்தச் சப்ஜெக்ட் எல்லார் சட்டைப் பையிலும் போனாக இருக்கிறது என்று என் பேத்தி சொல்கிறாள். பெட்டி என் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. மூலையெல்லாம் துரு, மயில்துத்தம் போட்டதால் எழுத்தை மட்டும் பூச்சி தொடவில்லை. தோன்றும்போதெல்லாம் இழுத்துத் திறந்து ஒரு பக்கம் படிப்பேன். ஆனால் இன்றுவரை, சாப்பிட்ட பிறகு அந்தப் பெட்டியை நான் திறந்ததில்லை.